மீள அழைத்தவன்

பனிக்காலக் கதிரவன் ஒளி குன்றி மேலெழ, அம்னொக் ஆறு கரைமுதல் கரைவரை உறைந்து, உறையினின்று உருவிய வாளெனக் கிடந்த காலைப்போழ்தில், வட எல்லைக் கோட்டை மதில்மேல் நின்றிருந்தான் மான்சொக். மீசை அரும்புமுன் ஈட்டி ஏந்திப் படையிற் புகுந்து, மனைவியை மண்ணுக்குக் கொடுத்தபின் பாசறையையே இல்லமெனக் கொண்டு நரைத்தவன். அம்பு தைத்துத் தோள் தளர்ந்தபின், படையை மீள அழைக்கும் சேகண்டி அவன் கைக்கு வந்தது.

"முரசடிக்கிறவன் சண்டைக்கு அனுப்புறான். நம்ம அண்ணன் மட்டும் ஓடி வாங்கடான்னு கூப்பிட்டே கூலி வாங்குறாரு," என்று நகைப்பான் தல்சு என்னும் ஈட்டி வீரன்.

"நான் கூப்பிடலேன்னா இப்படிப் பேச உனக்கு வாய் ஏதுடா?" என்பான் மான்சொக்.

எவர்க்கும் உரையாத ஒன்று அவனுள் இருந்தது. ஒலி கேட்டுத் திரும்பும் முகங்களைக் காணுந்தோறும் ஈன்றவளுக்கு நிகரான இன்பம் சுரந்தது; படைஞனுக்கு இது தகுமோ என்னும் நாணமும் உடன் சுரந்தது.

அன்று, புறங்காட்டி ஓடிய பகைக் குதிரையர் சிலரைத் துரத்தித் தலைவன் யுன் முன்செல்லப் படை பனியாற்றின்மேல் பாய்ந்தது. மதிலின் உயரத்தினின்று மான்சொக் மட்டுமே கண்டான்: அக்கரைக் காட்டின் பின்னே, மூச்சாவி முகிலெனப் படர, அசையாது காத்து நின்ற எண்ணிறந்த குதிரைகள். தலைவன் கொடி அசையாமல் சேகண்டி ஒலித்தால் ஒலித்தவன் தலை வீழும் என்பது படைமுறை. கொடி அசையவில்லை. அவன் ஒலித்தான்.

படை மீண்டது. சூழ்ச்சி சிதைந்ததறிந்த பகைவரோ, மீண்டோர் மதிலேறி நோக்குமுன் காட்டின் ஆழத்துள் கரைந்தனர். வெறுங்காடும் கைநழுவிய வெற்றியுமே எஞ்சின. தான் கண்டதை மான்சொக் உரைத்தும் எவரும் நம்பவில்லை.

யுன் இளையவன், கொடியவன் அல்லன். "கண்ணு மங்கிடுச்சு, பயந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியவரே. கசையடியோட விட்டுடறேன். ஊருக்குப் போய் வெயில்ல உக்காருங்க."

"அப்படிச் சொன்னா நாளைக்கு மறுபடி ஆத்தைத் தாண்டுவீங்களா?"

"தாண்டாம?"

மான்சொக் சாவை அஞ்சினான்; அந்த வெயிலை மிக விரும்பினான். ஆயினும், பொய்க்காக எவனும் தலை கொடான் என்பதையும், தன் சொல்லுக்குத் தலையன்றி வேறு சான்றில்லை என்பதையும் உணர்ந்தான்.

"நான் பார்த்தது உண்மைதான். முறைப்படி செய்யுங்க."

கைகளைக் கட்ட வந்தவன் தல்சு. "ஏன்ணே, ஒரு சின்னப் பொய்தானே?"

"நாளைக்கு அந்தக் காட்டுக்குள்ள போறது நீயில்லையாடா? இறுக்கிக் கட்டு."

நண்பகலில் வாள் வீழ்ந்தது.

மறுநாள் குதிரைகள் சேணம் பூண்டு நின்றன. முரசறைவோன் கோலெடுத்துக் காத்திருந்தான். பொய்த்துப் பெறுவதற்கு அக்கிழவனுக்கு என்ன இருந்தது என்னும் வினா அகலாதவனாய், யுன் அக்கரையை நோக்கியவாறே நின்றான். பின்னர்ச் சேணங்களைக் கழற்றப் பணித்தான். கிழவனின் அச்சம் தலைவனையும் தொற்றிற்றென வீரர் முணுமுணுத்தனர்.

வாராது போன சாவை எவரும் கண்ணாற் காண்பதில்லை; ஆதலின் அதைத் தடுத்தவனுக்கு நடுகல்லும் இல்லை. அன்று ஆற்றைக் கடவாதோர் நரைத்து மூத்து, மக்கள் சூழத் தத்தம் மனையிற் கிடந்து, அவன் பெயரையும் மறந்து மாண்டனர்.