பாப்கார்ன் மெஷினுக்கு குவைத்தின் ஒப்புதல்

எங்கள் வீட்டுக்கு ஒரு பாப்கார்ன் மெஷின் வாங்க நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசத்தில் பக்கத்துத் தெருக்காரர் மொட்டை மாடியில் இன்னொரு வீட்டையே எழுப்பி, வாடகைக்கும் விட்டுவிட்டார்.

ஆசையைக் கிளப்பிவிட்டவள் தேவதர்ஷினி. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் டீச்சர், அவள் கணக்கு டீச்சர். ஒருநாள் மதியம் டப்பா நிறைய பாப்கார்ன் கொண்டுவந்தாள். எண்ணெயே இல்லை, வெறும் சூட்டுக் காற்றில் பொரித்ததாம். "சின்ன மெஷின்தான் சம்ரீன். சோளத்தைப் போட்டா மூணே நிமிஷம். அதுவா பொரிஞ்சு அதுவா வெளியே கொட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் என் மகள் அஃப்ஷீனும் வீட்டில் படம் பார்ப்பது வழக்கம். அவளுக்குப் பாப்கார்ன் என்றால் உயிர். சம்பளம் என்னுடையது, பள்ளிக்கூடம் விட்டு பஸ் மாறும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே கடை இருக்கிறது, வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாது.

ஆரிஃப் பதினாலு வருஷமாக குவைத்தில் ஸ்டோர் கீப்பர். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த கம்பெனியிலிருந்து ஒரு ஆணி வெளியே போகாது. அந்தப் பழக்கத்தை அப்படியே எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். திருச்சி எடமலைப்பட்டி புதூரில் வீடு கட்டி ஆறு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு மாசம் வீதம் அவர் அதில் இருந்தது மொத்தம் ஆறு மாசம். ஆனால் திரைச்சீலையின் நிறம், குக்கரின் அளவு, கறிவேப்பிலைச் செடி எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பது வரை எல்லாம் வீடியோ காலில் அவர் தீர்மானித்தவைதான். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். இவர் அக்கறையாலேயே மூச்சு முட்ட வைக்கிறவர்.

"பாப்கார்ன் மெஷினா? மாஷா அல்லாஹ், தாராளமா வாங்கலாமே" என்றார். "ஆனா அவசரப்படாத. மாடல் போட்டோ எல்லாம் அனுப்பு. நான் பார்த்துச் சொல்றேன்."

மூன்று போட்டோ அனுப்பினேன். பதினோரு கேள்வி வந்தது. எத்தனை வாட், உள்ளே அலுமினியமா ஸ்டீலா, கேரண்டியா வாரண்டியா, ஒயர் எத்தனை அடி. எனக்கு இருந்தது ஒரே கேள்வி, அது சோளத்தைப் பொரிக்குமா. அதை அவர் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் நேரில் பார்க்கச் சொன்னார். தனியாக இல்லை, அவர் தம்பி ஜாவிதோடு. ஜாவித் செல்போன் கவர் விற்கிறான். அதனால் மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அவன்தான் எங்கள் குடும்பத்தின் நிபுணன்.

கடைக்குள் நுழைந்தபோது விற்பனையாளர் என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்றார். ஜாவித் போனைத் தூக்கிப் பிடித்து அதில் ஆரிஃப் முகம் தெரிந்ததும் நான் காணாமல் போய்விட்டேன்.

"சார், இது ஏர் டைப் சார். எண்ணெய் வேண்டாம் சார்" என்றார் போனைப் பார்த்து.

"தம்பி, அதைத் திருப்பு. அடியில காட்டு" என்றார் ஆரிஃப்.

பக்ரீத் ஆட்டுக்குப் பல் பார்ப்பது போல ஜாவித் மெஷினின் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அண்ணனுக்கும் காட்டினான். இருவரும் திருப்தியில்லாமல் தலையாட்டினார்கள். அப்போது ஆரிஃபுக்குப் போனின் மூலையில் சிவப்பாக என்னமோ தெரிந்துவிட்டது. பொருட்காட்சியில் நிற்குமே, சக்கரமும் கண்ணாடிக் கூண்டும் வைத்த வண்டி, அது.

"அதைக் காட்டு! அது என்ன விலை கேளு!"

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கா மச்சான்?" என்றேன் போனுக்குள் எட்டிப் பார்த்து.

"விருந்தாளி வந்தா ஒரு மதிப்பா இருக்கும்ல."

"அப்ப கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கும் விடலாம்."

"நல்ல ஐடியா அண்ணி" என்றான் ஜாவித். அவன் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே சொன்னான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. "வேண்டாம் சம்ரீன். இந்த ஊர்ச் சரக்கை நம்ப முடியாது. நானே இங்க வாங்கி கார்கோல போட்டு விடுறேன்."

கப்பலில் வரும் அவருடைய கார்கோ பெட்டி எனக்குப் புதிதில்லை. பால் பாட்டிலைச் சூடாக்கும் மெஷின் அதில்தான் வந்தது, அஃப்ஷீன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. ஆஃபரில் கிடைத்ததென்று ஒரு ரூம் ஹீட்டரும் வந்தது. ஏப்ரல் மாசத் திருச்சிக்கு ரூம் ஹீட்டர்! அதன் மேல் இப்போது பூந்தொட்டி வைத்திருக்கிறேன்.

மூன்று மாசம் கழித்துப் பெட்டி வந்தது. போர்வை, பிஸ்தா, வாசனைத் தைலம். அடியில் மெஷின். அஃப்ஷீன் ஆசையாகப் பிரித்தாள். அது பஞ்சுமிட்டாய் மெஷின்.

"பாப்கார்ன் மெஷின் தீர்ந்துபோச்சு" என்றார் ஆரிஃப். "பாப்பாவுக்குப் பஞ்சுமிட்டாய் பிடிக்கும்ல?"

அஃப்ஷீன் போனுக்குக் கேட்காத குரலில் என்னிடம், "அத்தாவுக்கு நான் எத்தனாவது படிக்கிறேன்னு தெரியுமாம்மா?" என்றாள். ஏழாவது படிக்கிறாள்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாப்கார்ன் போனால் போகட்டும். நான் பெருக்கித் துடைத்து, பூட்டித் திறக்கும் வீட்டுக்குள் நானாக ஒரே ஒரு பொருளைக் கொண்டுவர முடியுமா, முடியாதா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மறுநாள் சாயங்காலம் சத்திரத்தில் இறங்கி நேராகக் கடைக்குப் போனேன்.

"சார் வரலையா மேடம்?" என்றார் அதே விற்பனையாளர், என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தபடி.

"சார் குவைத்துல இருக்காங்க. பாப்கார்ன் திங்கிறது இங்க. அந்தச் சின்னதை எடுங்க."

ஐந்து நிமிஷத்தில் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, முதல் சம்பளம் வாங்கிய நாள் மாதிரி சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் வேறொரு தொல்லை காத்திருந்தது. எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் எல்லாமே குவைத்து மாதிரி, சதுரக் கால் சொருகுவது. வீடு கட்டும்போது, இந்த ஊர் சுவிட்ச் போர்டு தரமில்லை என்று அத்தனையையும் ஆரிஃப் அங்கிருந்தே அனுப்பி மாட்ட வைத்தார். அவர் அனுப்பும் சாமான் மட்டும் சுவரில் நேராகப் போகும். இங்கே வாங்கியது எதுவானாலும், மிக்ஸி முதற்கொண்டு, நடுவில் ஒரு அடாப்டர் வைத்துத்தான் சொருக வேண்டும். மெஷினையும் அப்படியே சொருகினேன். சோளம் சுற்றத் தொடங்கியது. நாலு பொரி துள்ளி விழுந்தது. உடனே கருகிய நாற்றம், பார்த்தால் அடாப்டர் இளகித் தொங்குகிறது.

அஃப்ஷீன் சித்தப்பா ஜாவிதுக்குச் சொன்னாள், ஜாவித் குவைத்துக்குச் சொன்னான். பத்து நிமிஷத்தில் போன்.

"பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன்ல? நாளைக்கே திருப்பிக் கொடுத்துடு."

"சரி" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் டோமினிக்கைக் கூப்பிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். டோமினிக் காலையில் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "மாத்தலாங்க. பாக்ஸ் அளவு வேற, சுவரைக் கொஞ்சம் கொத்தணும். அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமாங்க?"

"ஏன், கரண்ட் குவைத்துல இருந்தா வருது?"

"அதுக்கில்லைங்க…"

"கொத்துங்க."

கொத்தினார். அடுப்படியில் ஒன்று மட்டும் மாற்றத்தான் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு தைரியம் வந்தது. "ஹாலையும் மாத்திடுங்க" என்றேன். பிறகு படுக்கையறை, மாடி, மோட்டார் ரூம். சாயங்காலத்துக்குள் வீட்டில் ஒரு சதுர ஓட்டை மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை நானே வீடியோ கால் போட்டேன். மெஷின் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. அஃப்ஷீன் கைதட்டிச் சிரித்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"எதுல சொருகியிருக்கே? போனைத் திருப்பு."

திருப்பினேன். அடுப்படி, ஹால், படுக்கையறை என்று வரிசையாகக் காட்டினேன். ஈரம் காயாத சிமெண்டுப் பூச்சோடு எல்லாம் தெரிந்தது. இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"அப்ப நான் வந்தா என் சார்ஜரை எங்க சொருகுறது சம்ரீன்?"

குரல் சின்னதாக இருந்தது. இந்த வீட்டைப் பற்றி, பதில் தெரியாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அழுகை வந்தது. அங்கே பன்னிரண்டு பேர் தங்கும் அறையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, தன் வீட்டுச் சுவரில் தனக்கு இடமிருக்கிறதா என்று கேட்கிற மனுஷர் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் ஒரு பாயிண்டைக்கூடப் பழையபடி மாற்ற எனக்கு மனசில்லை.

"இந்த ஊர் சார்ஜர் ஒண்ணு வாங்கி வைக்கிறேன் மச்சான்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. வாங்குறதுக்கு முன்னாடி போட்டோ அனுப்பு. நான் பார்த்துச் சொல்றேன்."

"அனுப்ப மாட்டேன்" என்றேன். "வந்து பார்த்துக்கங்க."