இரண்டு விரல் ஆழம்

வாகன இருக்கைகள் தைத்துத் தரும் அவரை எல்லோரும் கட்டைவிரலார் என்றே அழைப்பர். சட்டைப்பையில் அளவுநாடா இருக்கும். ஆயினும் ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லிவிடுவார். வேலையின்போது பேசமாட்டார், பேசினால் தையல் கோணிவிடும் என்பார். மகள் பேசினால் மட்டும் கோணாது.

மகள் குள்ளம். விமானப் பயிற்சியில் சேர்ந்தபோது அவளுக்குக் கால்மிதிகள் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளக் கெட்டி ஸ்பாஞ்சில் அவரே ஒரு திண்டு தைத்துக் கொடுத்தார்.

“அப்பா, இது திண்டா செங்கல்லா? முதுகு விட்டுப் போகுது,” என்றாள் ஒரு மாதம் கழித்து.

“ஊருக்கெல்லாம் மெத்து மெத்துனு தைக்கிறீங்க. பெத்த பொண்ணுக்கு மட்டும் பலகையா?” என்று மனைவி அடுக்களையிலிருந்து குத்தினாள்.

அன்றே பிரித்து, மிருதுவானதை உள்ளே வைத்துத் தைத்தார். அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. மகள் சாய்ந்து பார்த்துச் சிரித்ததே போதுமாயிருந்தது.

அவள் விமான விபத்தில் போய் இருபத்து மூன்று நாள் கழிந்த ஒரு முற்பகலில் பயிற்சியாளர் பட்டறைக்கு வந்தார். அவள் கடைசியாகச் செய்தது, விமானத்தை வேண்டுமென்றே பம்பரமாகச் சுழன்று விழவிட்டு, எதிர்ப்பக்க மிதியை அடிவரை மிதித்து மீட்கும் பயிற்சி. அதை அன்றுதான் முதன்முறையாகத் தனியே செய்யச் சென்றிருந்தாள். விமானம் மீளவில்லை.

“பதறிட்டா, முழுசா மிதிக்கலன்னு விசாரணை அறிக்கையில எழுதப் போறாங்க, அண்ணே. கீழேருந்து எடுத்த வீடியோவுல மிதிச்சா திரும்புற வால் பலகை முழுசாத் திரும்பலையாம். ஏதாவது சொல்றதா இருந்தா நாளைக்குள்ள சொல்லணும். எங்கூட ஒன்பது தடவை பண்ணா. ஒரு தடவைகூடப் பதறினதில்ல. எனக்கே விளங்கல.”

கட்டைவிரலார் ஊசியைக் கீழே வைத்தார்.

“அப்போ உங்க காலும் மிதியில இருக்குமா, தம்பி?”

“லேசா வெச்சிருப்பேன். ரெண்டு பேர் மிதியும் ஒண்ணாத்தானே போகும்.” சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் தம் கால்களையே பார்த்தார். “அப்போ கடைசில அடிவரை அழுத்தினது என் காலா...”

கட்டைவிரலார் வீட்டுக்கு நடந்தார். விமானம் விழுந்த இடத்தில் தனியே தெறித்துக் கிடந்த திண்டை, மகளின் மற்றப் பொருள்களோடு திருப்பித் தந்திருந்தார்கள். மனைவி அதை மடியிலிருந்து இறக்குவதில்லை. அவர் அருகில் அமர்ந்து கட்டைவிரலை அதில் ஊன்றினார். இரண்டு விரல் ஆழத்துக்கு உள்ளே போயிற்று. பலங்கொண்ட மட்டும் காலை உந்தியிருப்பாள். உந்த உந்த முதுகு பின்னே அமிழ்ந்திருக்கும்.

“துவைக்கவா பாக்குறீங்க? வேணாங்க. அவ வாசனை இன்னும் இருக்கு.”

“துவைக்கல. நாளைக்கு விசாரணை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“எதுக்கு?”

“நம்ம பொண்ணு பதறல. கால் எட்டல. ஸ்பாஞ்சை மாத்தினது நான்னு சொல்லணும்.”

திண்டைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. அவள் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்:

“யாரும் சொல்லி மாத்தல. நானாத்தான் மாத்தினேன். அப்படித்தான் சொல்லப் போறேன்.”

அவர் விரல் பதிந்த குழி மெல்ல மெல்ல மேலெழுந்து நிரம்பிக்கொண்டிருந்தது.