துண்டுக்குள் ஒரு கடமான்

ஒரு உயிருக்கு ஐந்நூறு ரூபாய், படகுக்காரர் தவசி அப்பாவின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடிக்கிறார், மேலே அப்பாவின் பச்சைத் துண்டு, அடியில் விரலுக்கு நூறு, மாட்டுத் தரகர்களான எங்களுக்கு இதுதான் பேச்சு, தவசியும் ஒரு காலத்தில் சந்தைக்கு மாடு ஓட்டியவராம், சத்தம் போட்டால் அபராதம் என்று சரணாலயத்தில் பலகை வேறு வைத்திருந்தார்கள், ஆக ஏரி நடுவிலும் துண்டு விழுந்துவிட்டது, எதிரே கல்லெறி தூரத்தில் வயிறு வரை நீருக்குள் ஒரு கடமான், பெட்டை, சினை, மாடு பார்த்த கண்ணால் அப்பா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், அதைச் சுற்றிச் செந்நாய்கள் நீந்துகின்றன, ஒன்று காதைக் கவ்வித் தொங்குகிறது, மான் தலையை உதற நாயோடு காதும் பிய்ந்து போகிறது, எஞ்சினை முடுக்கிக் குறுக்கே விட்டால் நாய்கள் சிதறும், ஆனால் காட்டு விவகாரத்தில் கை வைத்தால் தவசிக்கு வேலை போகும், அதற்குத்தான் அந்த விலை, எம் பொழப்புல மண்ணு விழுந்துரும்யா, அஞ்சுக்குக் கொறஞ்சாக் கட்டாது என்று கிசுகிசுக்கிறார், அப்பா இரண்டு விரலைப் பிடிக்கிறார், கேட்டதக் குடுத்துப்போட்டு ஓட்டச் சொல்லுங்க, வவுத்துப்புள்ளக்காரி அது என்று அம்மா அவர் தோளைக் கிள்ளுகிறாள், மொதல் வெலைக்கே தலையாட்டுனா நம்மள என்னன்னு நெனப்பான், செத்த இரு என்கிறார் அப்பா, தாலிக்கொடிக்கே விலை குறைத்துக் கட்டிய மனுஷர், வேறு என்ன சொல்வார், நானோ மானைப் பார்க்கவில்லை, யார் விரல் மடங்குகிறது என்று துண்டின் அசைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன், நான்கா, இரண்டரையா, மான் அலறுகிறது, பின்னாலிருந்து ஒரு நாய் அதன் வயிற்றைக் கிழிக்கிறது, நீலமாய் வழவழவென்று ஏதோ சரிந்து தண்ணீரில் மிதக்கிறது, அதில் குட்டிக் கால் ஒன்று உதைத்த மாதிரி இருந்தது, அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், துண்டு நின்றது, மூணு, படிஞ்சிருச்சு என்று அப்பா ஜெயித்த முகத்தோடு திரும்புகிறார், அலறலும் அப்போதுதான் நின்றது.

தவசி எஞ்சினைப் போட்டார், அதற்குள் நாய்கள் மானைக் கரைக்கு இழுத்துவிட்டன, தொடையைத் தின்றுகொண்டிருக்கும்போதே அதன் கண் இமைத்தது, அப்பா மூன்று நூறு ரூபாய்த் தாளை நீட்டி, படிஞ்ச வெல படிஞ்சதுதான், புடி என்கிறார், எதுக்கய்யா, நான் எதை வித்தேன் என்று தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டார், காற்றில் படபடக்கும் தாள்களோடு அப்பா கை நீட்டியபடியே கரை வரைக்கும் வந்தார்.

இப்போது சந்தையில் நானும் துண்டு போடுகிறேன், தூக்கத்திலும் போடுகிறேன், அடியில் ஈரமாய் ஏதோ வந்து என் கையில் அழுந்துகிறது, விரல் இல்லை, இரண்டாய்ப் பிளந்த குளம்பு, நாங்கள் முதலில் கேட்ட அதே இரண்டு, அதற்கே சம்மதம் என்கிறது, நான் இன்னும் குறைக்கப் பார்க்கிறேன். சொன்னது ஐந்து, கேட்டது இரண்டு, படிந்தது மூன்று, கைமாறியது ஒன்றுமில்லை, பாக்கி அப்படியே நிற்கிறது.