டிக்கிக்குள் என் கட்டைவிரல்

காலையில் எனக்கு முன்னால் எழுந்துகொள்வது என் வலது கட்டைவிரல். அடிமூட்டில் ஆணி அடித்தது போல வலிக்கும், அப்புறம்தான் கண் திறக்கும். அன்று சனிக்கிழமை. ஏப்ரல் பிறந்தும் மிச்சிகனில் குளிர் விடவில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்த பிறகுதான் சட்டைப் பொத்தானைப் போட முடிந்தது. டாக்டர் இந்த வலிக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர் டிக்கி.

கார் ஆலையில் முப்பது வருடம். அதில் முதல் ஒன்பது வருடம் டிக்கித் தையல். வெல்டிங் முடிந்து வரும் வண்டியின் பின்பக்கத்தில் தகடும் தகடும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் பசை அடைப்பது. குழாயால் பசையை இழுத்துவிட்டு, கம்பெனி கொடுத்த தட்டைக் கரண்டியால் அழுத்த வேண்டும் என்பது உத்தரவு. மணிக்கு ஐம்பத்தெட்டு வண்டி ஓடுகிற லைனில் கரண்டியை எடுக்கவும் வைக்கவும் எவருக்கு நேரம்? கட்டைவிரல்தான் கரண்டி. இடது பக்கம் பதினோரு அழுத்து. வலது பக்கம் போவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். கூடவே ஓடிக்கொண்டு ஒன்பது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். அதற்கு எட்டு வருடம் முன்பிருந்தே சமையலறை மேஜையில் சின்ன வண்டிகள் கட்டுகிறேன். நிஜ வண்டியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கூரையை அறுத்துத் தாழ்த்துவேன், நான்கு கதவை இரண்டாக்குவேன், திராட்சை நிறத்தில் ஒன்பது பூச்சு பூசுவேன். எங்கள் ஊர்ப் போட்டியில் ‘கஸ்டம்’ மேஜையில் மூன்று கோப்பை வாங்கியிருக்கிறேன். அந்த மேஜையில் எவரும் எதுவும் கேட்பதில்லை. "வெர்னிஸுக்கு என்ன கற்பனை பாரு!" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பக்கத்து மேஜை ‘ஸ்டாக்’. வண்டி ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அந்த மேஜையில் ஆலைக்குள் கால் வைக்காதவர்கள் ஆலையைப் பற்றித் தீர்ப்பு சொல்வார்கள். இந்த வருடம் என் வண்டியை அங்கேதான் வைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

வண்டி, எங்கள் லைனில் ஓடிய 1967 ரீஜென்ட், இரண்டு கதவு. அதன் கிட், அதாவது ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்கள் கொண்ட பெட்டி, இப்போது வருவதில்லை. யாரோ ஒரு பையன் பசையை வழியவிட்டு ஒட்டி, பெயிண்ட் பிரஷால் சிவப்பு அப்பிய ஒன்று பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது. பிரேக் ஆயிலில் ஒரு வாரம் ஊறவைத்துப் பெயிண்டை உரித்தேன். உடைத்தேன், தேய்த்தேன், திரும்பக் கட்டினேன். டிக்கி மூடியை அறுத்துக் கீல் வைத்தேன். உள்ளே ஓட்டை அடைக்கும் பட்டியை நீர்க்கக் கரைத்துத் தையலில் இழுத்து, பல்குச்சி முனையை உருட்டித் தேய்த்து அதைக் கொண்டு அழுத்தினேன். இடது பக்கம் பதினொன்று. வலது பக்கம் ஒன்பது, அவசர அவசரமாக.

போட்டி நடப்பது எங்கள் தொழிற்சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். ஸ்டாக் மேஜையில் என் வண்டியை வைத்தபோது புருனோ நோவிட்ஸ்கி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருடம் தகடு அடித்தவன், இப்போது ஓய்வு பெற்றவர்கள் பிரிவுக்குத் தலைவன். அவனும் ரீஜென்ட்தான் கட்டியிருந்தான். இரண்டு வருட வேலை. ஸ்பார்க் பிளக் ஒயர்கூடத் தலைமுடி கனத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் முதல் பரிசு வாங்கியதே இல்லை. இந்த முறை அவனுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"என்ன சிஸ்டர், மேஜை மாறி வந்துட்டியா? உன் திராட்சைப் பழமெல்லாம் அந்தப் பக்கம்."

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு பிரதர். இது ஆலையில பூசின பச்சை. அறுபத்தேழாம் வருஷத்து நிறம்."

சங்கத்தில் நாங்கள் எல்லோரும் சிஸ்டர், பிரதர்தான். அவன் குனிந்து பார்த்தான். சீட்டியடித்தான். "சரிதான். எனக்கு ரெண்டாம் பரிசு வாங்கித் தரத்தான் வந்திருக்கே."

காபி வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் வண்டி அங்கே இல்லை. கஸ்டம் மேஜையில், நெருப்பு ஜுவாலை வரைந்த ஒரு வேனுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இது யாரு வேலை?" என்று கத்தினேன்.

தலைமை நடுவர் லைல் ஹூக்ஸ்ட்ரா வந்தார். இன்சூரன்ஸ் விற்றுச் சம்பாதித்தவர். அவர் வீட்டில் ஆயிரத்து நூறு கிட் பெட்டிகள் உண்டு, ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். கராஜில் நிஜமான 67 ரீஜென்ட் ஒன்றும் நிற்கிறது.

"தப்பா எடுத்துக்காதீங்க வெர்னிஸ். வண்டி அழகா இருக்கு. டிக்கிக்குள்ள மட்டும் உங்க கற்பனை கொஞ்சம் ஓடிடுச்சு. கஸ்டம்ல இருந்தா பரிசே கிடைக்கும்."

"என்ன கற்பனை?"

"பசை. நசுங்கி, வழிஞ்சு, ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சு. ஆலையில அப்படி வராது. என் வண்டியைப் பாருங்க, ரூலர் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும்."

"உங்க வண்டியை எப்ப புதுப்பிச்சீங்க?"

"எண்பத்தெட்டுல. ஒவ்வொரு தகடாக் கழட்டி, ஒண்ணரை வருஷம்."

"அப்ப நான் அடைச்சதைச் சுரண்டிப் போட ஒருத்தனுக்குக் கூலி குடுத்திருக்கீங்க."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஹூக்ஸ்ட்ராவின் காது சிவந்தது.

"நான் சொல்லலைங்க, விதி சொல்லுது. சந்தேகம் வந்தா போட்டோ வேணும், இல்லேன்னா கம்பெனிக் காகிதம். ஞாபகம் சாட்சி ஆகாது."

"லைனுக்குள்ள கேமரா கொண்டு போனா வேலை போயிடும். போட்டோவுக்கு நான் எங்க போவேன்?"

"லைல், இவ அங்கேயேதான்யா கிடந்தா," என்றான் புருனோ.

"தெரியும் புருனோ. அவங்க மேல எனக்கு எவ்வளவோ மரியாதை இருக்கு."

"மரியாதையை அந்த டோனட் தட்டுல வைங்க," என்றேன். "விதி பேசுறீங்களே, ஏழாவது விதி என்ன? சொந்தக்காரரைத் தவிர வேற யாரும் மாடலைத் தொடக் கூடாது. நடுவரும் அதுல அடக்கம். என் வண்டியை எந்தக் கையால தூக்கினீங்க?"

அவர் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். எங்கள் கூட்டத்தில் அடுத்தவன் மாடலைத் தொடுவது அடுத்தவன் தட்டில் கை வைப்பதற்குச் சமம். சுற்றி நின்றவர்கள் முகம் மாறியதை அவரும் பார்த்தார்.

நானே வண்டியை எடுத்துப் போய் ஸ்டாக் மேஜையில் வைத்தேன். ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

"இதை இனி நகர்த்தணும்னா என்னை நாற்காலியோட நகர்த்தணும். நூத்தித் தொண்ணூறு பவுண்டு இருக்கேன். ஆள் கூட்டிட்டு வாங்க."

"ரெண்டு மணிக்கு மார்க் போடுவோம்," என்றார் அவர். "அதுக்குள்ள காகிதம் வரலேன்னா கணக்குல சேர்க்க மாட்டேன். உட்கார்ந்தே இருங்க."

உட்கார்ந்தே இருந்தேன். காகிதம், காகிதம் என்று அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கம்பெனி என்னைப் பற்றி ஒரு காகிதம் எழுதியிருக்கிறது.

"புருனோ, அறுபத்தேழுல எனக்கு மெமோ குடுத்தாங்க. கரண்டி பிடிக்காததுக்கு. சங்கம் எதிர்மனு போட்டுச்சு. அந்த ஃபைலெல்லாம் மாடியில இருக்குமா?"

"இந்தச் சங்கம் எதையும் தூக்கிப் போட்டதில்ல, தலைவருங்களைத் தவிர." இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தட்டினான். "நீயே வாயேன்."

"நான் எழுந்தா வண்டி நடந்து போயிடும்."

அவன் போனான். எனக்குப் பசித்தது. யாரோ ஒரு பெண்மணி தட்டில் கொஞ்சம் பீன்ஸ் கறியும் ரொட்டியும் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஹூக்ஸ்ட்ரா இரண்டு முறை என்னைக் கடந்து போனார், இரண்டு முறையும் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அப்பா இரும்பு வார்ப்பு ஆலையிலிருந்து வந்து இப்படித்தான் உட்காருவார், எவனாவது எழுப்பிப் பார் என்கிற மாதிரி. அன்று அது எனக்குச் சுலபமாக வந்தது.

ஒன்றே முக்காலுக்குப் புருனோ இறங்கி வந்தான். தலையெல்லாம் ஒட்டடை. கையில் ஒரு பழுப்பு ஃபைல். நேரே என்னிடம் வராமல் மேஜையின் அந்தக் கோடியில் தன் வண்டியின் முன்னால் நின்றான். குனிந்து அதன் டிக்கிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வந்து ஃபைலை என் மடியில் போட்டான்.

"சத்தமாப் படி. அவருக்குக் காது சிவக்கும், கேட்காது."

படித்தேன். ‘பணியாளர் வெர்னிஸ் டோலிவர், கொடுக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்தாமல் டிக்கித் தையலில் பசையைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். இடது பக்கம் மிகுதி, வலது பக்கம் குறைவு. ரீஜென்ட், இரண்டு கதவு. மூன்று நாள் தற்காலிகப் பணிநீக்கம்.’ அதற்குக் கீழே சங்கத்தின் எதிர்மனு. அதற்கும் கீழே கம்பெனியின் பதில்: ‘தற்போதைய வேகத்தில் இரண்டு ஷிஃப்டிலும் எல்லாப் பணியாளர்களும் இதே முறையில் செய்வதை நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. மெமோ திரும்பப் பெறப்படுகிறது.’ சூப்பரின்டெண்டெண்ட் கையெழுத்து, தேதி, முத்திரை.

"உங்களுக்கு வேண்டிய கம்பெனிக் காகிதம்," என்று நீட்டினேன். "என்னைத் திட்டி எழுதினது. வச்சுப் படிங்க."

ஹூக்ஸ்ட்ரா இரண்டு முறை படித்தார். பேனா டார்ச்சையும் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியையும் எடுத்து, தொடாமல், என் டிக்கிக்குள் விட்டார். உதடு அசைந்தது. எண்ணினார்.

"பதினொண்ணு. ஒன்பது." நிமிர்ந்தார். "சரி. ஸ்டாக்தான். வண்டி இங்கேயே இருக்கட்டும்."

யாரோ கை தட்டினார்கள். நான் எழுந்தேன், முதுகு நிமிர மறுத்தது. அதற்குள் அவர் மேஜையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். புருனோவின் டிக்கிக்குள் டார்ச் போனது. அங்கே தையல் ரூலர் கோடு. அவர் மதிப்பெண் தாளில் ஏதோ அடித்து மாற்றி எழுதினார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"எல்லாப் பணியாளர்களும்னு போட்டிருக்கே வெர்னிஸ். ரெண்டு ஷிஃப்டிலும்னு வேற இருக்கு. அப்ப இந்தத் தையல் தப்பு. ஆறு மார்க் போச்சு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

"அவன் ரெண்டு வருஷமா..."

"உட்காரு சிஸ்டர்," என்றான் புருனோ. "இப்பத்தானே எழுந்தே."

முதல் பரிசு பே சிட்டியிலிருந்து வந்த வாத்தியார் ஒருவரின் பிக்கப் வண்டிக்குப் போனது. புருனோவுக்கு இரண்டாவது, நான்கு மார்க் வித்தியாசம். எனக்கு நான்காவது. கூரைப் பெயிண்டில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தது. அது என் தப்பு, அதற்கு நான் சண்டை போடவில்லை.

வெளியே அவன் டிரக்கில் பெட்டிகளை ஏற்றினோம்.

"இந்தக் காகிதம் உன் வண்டிக்கும் வேட்டுன்னு மாடியிலேயே உனக்குத் தெரியுமா?"

"படியில இறங்கும்போது தெரிஞ்சுது."

"பின்ன எதுக்குக் கொண்டு வந்தே?"

"அவ்வளவு தூசில தும்மித் தும்மி எடுத்ததைத் திரும்ப வைக்கச் சொல்றியா?" டிரக்கின் பின்கதவை ஓங்கிச் சாத்தினான். "நான் பிரஸ் ஷாப். டிக்கிக்குள்ள நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்கென்ன தெரியும்? கம்பெனி விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டினேன். முப்பத்தோரு வருஷம் அதே கூரைக்குக் கீழ கிடந்துட்டு, உன்னை ஒரு வார்த்தை கேட்காம, விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டியிருக்கேன் பாரு. என்னைச் செருப்பால அடிக்கணும்."

"அடிக்கவா?"

"போடி, வீட்டுக்குப் போ. உன்னால டிவி மேல கோப்பை வைக்கிற இடம் காலியாக் கிடக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டிரக்கைக் கிளப்பும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அடுத்த வருடமும் அதே மேஜையில்தான் வைப்பேன், அதே தையலோடு. அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றை ஹூக்ஸ்ட்ரா வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பினேன், கராஜில் மாட்டிக்கொள்ளட்டும் என்று. ஆனால் புருனோவுக்கு எதை அனுப்புவது? பிளக் ஒயரைத் தலைமுடி கனத்தில் இழுத்தவனுக்கு என் நன்றியை வைத்து என்ன செய்ய?

புருனோ நோவிட்ஸ்கிக்கு நான் ஒரு முதல் பரிசு கடன்பட்டிருக்கிறேன்.