மெதைரோஸ் வீடு எது?

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. யாருடைய தவறு என்பதைப் பிறகு சொல்கிறேன். (கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு.)

முதல் தொடக்கம்: ‘பிப்ரவரிக் காலையில் அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரத்து ஓடையின் மேல் வானவில் ஒன்று...’ வேண்டாம். வானவில் என்றால் அழகாகிவிடும். மிதந்தது, வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய். வாத்துகள் அதில் நனைந்து நடுங்கின.

2

ஓடையின் குறுக்கே மிதவைகளைக் கட்டி, எண்ணெயை உறிஞ்சும் விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தவன் நகராட்சி ஊழியன் ரேமண்ட். கரையில் நின்று அவனை விரட்டியவள் என் எதிர்வீட்டு பிலோமினா மெதைரோஸ். எழுபது வயது. அந்த வாத்துகளுக்குத் தினமும் சோளம் போடுபவள். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் அங்கே வந்திருந்தாள்.

“எந்தப் படுபாவி கொட்டினான்னு கண்டுபிடி. அவன் காதைத் திருகி இந்த ஓடையிலயே முக்குறேன்.”

“கண்டுபிடிச்சாச்சு அத்தை. கோவப்படாதீங்க. உங்க வீட்டு பேஸ்மென்ட்லேர்ந்துதான் வருது.”

எட்டு வருடம் முன்பே அவள் வீட்டைச் சூடாக்க கேஸுக்கு மாறி, எண்ணெய்த் தொட்டியை எடுத்துவிட்டாள். எண்ணெய் ஊற்ற வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயை மட்டும், பூச்சட்டி மாட்ட வசதி என்று விட்டுவைத்தாள். அன்று காலை அதற்குள் எண்ணெய் லாரிக்காரன் இருநூறு காலன் இறக்கிவிட்டான். தொட்டி இல்லை, எல்லாம் தரையில் கொட்டி, சாக்கடை வழியே ஓடைக்குப் போனது.

3

லாரிக்காரனை வில்லனாக்கலாமா? தொட்டியில் எண்ணெய் இறங்கும்வரை விசில் சத்தம் வந்துகொண்டே இருக்கும். வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். அவன் காதில் பாட்டை மாட்டியிருந்தான். ஆனால் இந்தத் தெருவில் மெதைரோஸ் என்ற குடும்பப்பெயரில் நான்கு வீடுகள்; எண்ணெய் கேட்டிருந்தது வேறொரு வீடு. அவன் ஒருவரிடம் வழி கேட்டான். அந்த ஒருவர்

(இந்த வாக்கியத்தை மூன்று முறை பாதியில் விட்டிருக்கிறேன்.)

நான்தான். கையில் காபியோடு, ஜன்னலைப் பாதி திறந்து, எதிர்வீட்டைக் காட்டினேன். குளிர் உள்ளே வருகிறதே என்ற அவசரம். அவள் கேஸுக்கு மாறியது எனக்கு நன்றாகத் தெரியும்.

4

வாத்துகளைக் கழுவிக் காப்பாற்றினார்கள். ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. “குழாயை அறுத்திருக்கணும், என் சோம்பேறித்தனம்” என்று சொல்லி பிலோமினா சோளப் பையை மூட்டை கட்டிவிட்டாள். ஒரு மாதமாக ஓடைப் பக்கமே போவதில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை.

முடிவு ஒன்று: லாரிக்காரன் சொல்லிவிடுகிறான்.

முடிவு இரண்டு: அவளுக்குத் தமிழ் தெரியாது, விஷயம் கதையோடு போய்விடுகிறது. (இதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேனோ?)

இப்போது கீரை சூப்போடு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

“என்னப்பா எழுதுற?”

“நம்ம ஓடையைப் பத்தி.”

“நான் வர்றேனா?”

“வர்றீங்க.”

“அப்ப அந்த வாத்து செத்தது என்னாலதான்னு மறைக்காம எழுது. எனக்காகப் பொய் எழுதாத.”

வாசகரே, அடுத்த வரியைத் தமிழில் எழுத முடியாது. அவளுக்குப் புரியும் மொழியில், வாயால்தான் சொல்ல வேண்டும். சூப் ஆறுகிறது. என் காது இன்னும் இருந்த இடத்தில் இருக்கிறதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.