அவளுக்குப் பெரிதாகிவிட்ட திரை

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சாமான்கள் விற்கும் ஓர் இணையப் பக்கத்தில் கிடைத்தது. மடிக்கணினியில் குனிந்து குனிந்து எழுதி என் கழுத்து போய்விட்டது. விலை குறைவாக ஒரு மானிட்டர் வாங்கி இணைத்துக்கொள்ளலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். இருபத்துநாலு அங்குலம், அதிகம் உபயோகிக்காதது, பெட்டியோடு. பள்ளுருத்தியில் இருக்கும் எனக்கு பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். போனேன்.

பஜார் ரோட்டுக்குப் பின்னால், ஒரு மிளகுக் கிடங்கின் மேல்மாடி. கதவைத் திறந்தவர் பெயர் கேசவ். விற்கிறவர்கள் பொருளைப் புகழ்வார்கள். இவர் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். ஸ்பீக்கர் கிடையாது, ஸ்டாண்டு லேசாக ஆடும், கேபிள் கொஞ்சம் குட்டை. நான் பார்த்தது வேறு. திரையின் சட்டத்தில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. இவ்வளவு புதுசை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவளுக்கு இது பெருசாப் போச்சு," என்றார்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சாயா போட்டுக் கொண்டுவந்தார். பிறகு சொன்னார்.

(இனிமேல் அவரை 'அவன்' என்று எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. அவர் பக்கத்தில் போய் நிற்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "ஸ்வர்ணலதாவின் உலகம் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல—"

நிறுத்திவிட்டேன். வரி அழகாக இருந்ததுதான் காரணம். அப்போது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பின்னால் தெரியவந்ததை முன்னால் வைத்து நான் அழகு பார்ப்பது நன்றாயில்லை.

அடுத்தது: "கேசவ் கெட்டவன் இல்லை." இதையும் அடித்தேன். ஒருவனைப் பற்றி இப்படித் தொடங்கினால் வாசிக்கிறவர் உடனே சந்தேகப்படுவார்.

ஆகவே நடந்தபடியே.

கேசவின் மனைவி ஸ்வர்ணலதா செங்கோட்டைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபின் மலையாளம் கற்றுக்கொண்டவள். கற்ற மலையாளமே பிழைப்பாயிற்று. மலையாளத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதித் தருவாள். சென்னையில் ஒரு கம்பெனி, இங்கே சாப்பாட்டு மேஜை, அதன்மேல் ஒரு சின்ன மடிக்கணினி. அந்தத் திரைக்குள் ஒரு பக்கம் படம் ஓடும், ஒரு பக்கம் எழுத்து ஓடும். சென்னையில் வேலையை மேற்பார்க்கும் சுபாஷிணி ஏதாவது சொல்ல நினைத்தால் மூலையில் ஒரு சிறு பெட்டி எழும்பி நிற்கும்.

ஸ்வர்ணலதா அந்தப் பெட்டிகளைத் தவறவிட ஆரம்பித்தாள். சுபாஷிணி முதலில் பொறுத்தாள், பிறகு கடிந்தாள், பிறகு வேலையைக் குறைத்தாள். மவுஸின் அம்புக்குறி எங்கே போனதென்று தெரியாமல் ஸ்வர்ணலதா அதைத் திரை முழுக்க ஆட்டி ஆட்டித் தேடினாள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடப்பதால்தான் இப்படி, பெரிய திரை இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் சொன்னாள்.

அவ்வளவுதான். கேசவ் அந்தப் பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான்.

3

அவனுக்குக் கீழே கிடங்கில்தான் வேலை. வந்திறங்கும் மிளகிலும் சுக்கிலும் ஒரு பிடி எடுத்து, போன முறை வந்ததோடு சேர்த்து வைத்துத் தரம் சொல்வான். ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவனால் எதையும் முடிவு செய்ய முடியாது. மானிட்டரையும் அப்படித்தான் பார்த்தான். எர்ணாகுளத்துக் கடைகளில் ஏறி இறங்கினான். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். சாப்பிடும்போதும் அதையே பேசினான்.

(மானிட்டர் வாங்கும் எண்ணத்தில் இதை வாசிக்க வந்தவர்களை ஏமாற்றக் கூடாது. அவன் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், எல்லாம் சரியானவை. கையில் பணம் குறைவென்றால் இருபத்துநாலு அங்குலம் போதும். அதே எண்ணிக்கையிலான பிக்சல் புள்ளிகளை இருபத்தேழில் பரப்பினால் எழுத்து மங்கலாகத் தெரியும். ஐ.பி.எஸ். வகைத் திரையாக இருக்கட்டும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது. வளைந்த திரையெல்லாம் எழுத்து வேலைக்கு வேண்டாம். உங்கள் மடிக்கணினியில் எந்தத் துளை இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத ஸ்டாண்டு என்றால், அடியில் வைக்கத் தடித்த புத்தகம் இரண்டு எடுத்து வையுங்கள்.)

இத்தனையும் தெரிந்த பிறகும் அவன் வாங்கவில்லை. ஓணம் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம் என்றான். தள்ளுபடி வந்தபோது, இதைவிடக் கொஞ்சம் நல்லது தீபாவளிக்கு இதே விலைக்கு வரும் என்றான்.

இடையில் ஒருநாள், கழுவிய பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே ஸ்வர்ணலதா, கண் டாக்டரிடம் ஒரு நடை போய்வரலாமா என்று கேட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா கேட்டது போலத்தான் இருந்தது. அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னான்.

"முதல்ல மானிட்டர் வரட்டும் லதா. அது வந்தா கண்ணு தன்னால சரியாவும்."

இந்தப் பதிலை என்னிடம் சொல்லும்போது அவர் இரண்டு முறை நிறுத்தினார். அதனால் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இங்கே வைத்திருக்கிறேன்.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ஒரு சாக்கு மிளகில் சொத்தை விழுந்ததைக் கண்ணாலேயே பொறுக்குகிறவன், வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்காமல் இருப்பானா? ஸ்வர்ணலதா மேஜை முனையில் இடுப்பை இடித்துக்கொள்கிறாள், அடுத்த நாளும் அதே முனையில் இடிக்கிறாள். படகுத்துறைப் பக்கம் நடக்கும்போது பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சி பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டுச் சிரிக்கிறாள், ஸ்வர்ணலதா நேரே பார்த்துக்கொண்டு போய்விடுகிறாள். அம்மிணிக்கு அது கர்வமாகப் பட்டு, கேசவிடமே குறை சொல்கிறாள். அவனும் வேலை நெருக்கடி என்று சமாதானம் சொல்லி அனுப்புகிறான்.

அவனைக் காப்பாற்றப் பார்த்தேன். இப்படி எழுதினேன்:

"அம்மிணி போனதும் கேசவுக்கு ஏதோ உறைத்தது. மாடிப்படி ஏறிப் போய், லதா, இங்க பாரு, என்று அவள் முகத்துக்குப் பக்கத்தில் கையை—"

இல்லை. அவன் அப்படிச் செய்யவில்லை. மாடியேறிப் போய் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு மானிட்டர்களில் எது வெளிச்சம் கூடியது என்று பார்த்தான். எழுதுகிறவனுக்கு வேண்டுமானால் அந்தப் படிக்கட்டை இன்னொரு முறை ஏறிப் பார்க்கலாம்.

பார்க்காதவன் என்றும் அவனைச் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் அவன் அவளையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு எது வசதி, எந்த உயரம், எந்த வெளிச்சம் என்றுதான் நாள் முழுக்க யோசனை. அவளுக்காகச் செய்துகொண்டிருந்த காரியம் அவளை மறைத்துக்கொண்டு நின்றது. இதை அவரிடம் இப்படியே சொன்னேன். அது ஒரு ஆறுதலும் இல்லை என்றார்.

5

தீபாவளிக்கு முன்னால் மானிட்டர் வந்தது. கேசவ் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் நிறுத்தி, அவள் உட்காரும் உயரத்துக்குச் சரிசெய்து, நடுவில் படம், இடப்பக்கம் எழுத்து, வலது மேல்மூலையில் சுபாஷிணி என்று பிரித்து வைத்தான். ஸ்வர்ணலதா சந்தோஷப்பட்டாள். அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

ஒரு வாரத்துக்குள் நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. சுபாஷிணியின் பெட்டி ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அம்புக்குறியைத் தேடுவதிலேயே பாதி நேரம் போயிற்று. இந்த மானிட்டரில் ஏதோ குறை இருக்கிறது என்றாள். கேசவுக்குச் சுருக்கென்றது. அத்தனை மாதம் அலைந்து பொறுக்கியது. இருந்தாலும் திருப்பி அனுப்பி அதே வகையில் வேறொன்று வரவழைத்தான். அதிலும் குறை என்றாள். அவன் கோபப்பட்டான். எதை வாங்கிக் கொடுத்தாலும் உனக்குத் திருப்தி கிடையாது என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குறையைக் கண்டுபிடித்தே தீருவதென்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் போனிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினான். வலது மேல்மூலையில் பெட்டி எழும்பியது. அவள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள்.

"வந்துச்சா?"

"இல்லையே. அனுப்புங்க."

பெட்டி அங்கேயே நின்றது. இன்னொன்று அனுப்பினான். முதல் பெட்டிக்குக் கீழே அதுவும் வந்து நின்றது.

"இப்போ?"

"இன்னும் வரல."

கேசவ் விரலை நீட்டிக் காட்டினான். அவள் தலையை முழுசாகத் திருப்பி, விரல் காட்டிய இடத்தை நேராகப் பார்த்து, ஓ, வந்திருக்கே என்றாள். குரலில் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது. அப்போதுதான் அவன் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

6

கண் ஆஸ்பத்திரியில் அவளை ஒரு இருட்டறையில் உட்காரவைத்து, முகவாயைத் தாங்கியில் பொருத்தி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கேசவ் கதவுக்கு வெளியே நின்றான். புள்ளிகள் அவனுக்குத் தெரியாது, பட்டன் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் வரும். பிறகு வராது. வராமலே நெடுநேரம் போகும். தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றியதாம்.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி நரம்பு சாகிறது. வலி தெரியாது. ஓரத்திலிருந்து பார்வை சுருங்கி வரும், நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், அதனால்தான் ஆளுக்கே தெரிவதில்லை. போனது போனதுதான், மீதியைச் சொட்டுமருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள் ஸ்வர்ணலதா.

கேசவ் ஒன்றே ஒன்று கேட்டான். நாங்கள் மானிட்டர் தேடின அந்த மாதங்களில் எவ்வளவு போயிருக்கும்?

இது வருஷக்கணக்கில் நடக்கிற காரியம், அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள் என்றார் டாக்டர். கேசவ் விடவில்லை. கொஞ்சமாவது போயிருக்கும் இல்லையா, எவ்வளவு? டாக்டர் சோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். இதுதான் முதல் சோதனை. இதற்கு முன்னால் ஒன்று எடுத்திருந்தால் இதோடு பக்கத்தில் வைத்துச் சொல்லலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதைச் சொல்வது என்றார்.

இப்போது ஸ்வர்ணலதா மறுபடியும் சின்ன மடிக்கணினியில்தான் வேலை செய்கிறாள். மிஞ்சிய பார்வைக்குள் அது முழுசாக அடங்குகிறது. வேலை குறைவுதான், சுபாஷிணி இப்போது போனில் கூப்பிட்டே சொல்லிவிடுகிறாள். கேசவ் நேரம் தவறாமல் சொட்டுமருந்து விடுகிறான். பெரிய திரையை நான் வாங்கிக்கொண்டேன். கேசவே அதை ஆட்டோவரை தூக்கிவந்து, மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் அதிரும் என்று சொல்லி அனுப்பினார்.

7

கதையை எழுதி முடித்ததும் ஸ்வர்ணலதாவுக்கு அனுப்பினேன். அவர்கள் கதை, அவள் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. ஒரு நாள் மத்தியானம், கேசவ் கீழே கிடங்கில் இருக்கும் நேரம் பார்த்து, வரச்சொன்னாள்.

நன்றாக இருக்கிறது என்றாள். அம்மிணி சேச்சியை இவ்வளவு கோபக்காரி ஆக்கியிருக்க வேண்டாம் என்றாள்.* பிறகு கொஞ்ச நேரம் மேஜைத் துணியை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அவுகளை மட்டுமே குத்தவாளியா எழுதியிருக்கிய. எங்கப்பாவுக்கும் இதே மாதிரிதான் போச்சு. ஓரத்துல இருந்து."

அப்பா இறந்தது கல்யாணத்துக்கு முன்னால். கேசவ் அவரைப் பார்த்ததே இல்லை. கடைசி வருஷங்களில் அவர் சுவரைத் தடவித் தடவி நடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் இவள். மேஜை முனையில் இரண்டாம் முறை இடித்தபோதே மனசுக்குள் ஒன்று சொல்லிற்றாம். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாளே, அன்றைக்கு அவன் முதலில் மானிட்டர் வரட்டும் என்றதும் அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்ததாம். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருந்ததால், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த முறை தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கேசவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டேன்.

"மானிட்டர்லதான் குறைன்னா வேற வாங்கிறலாம்லா," என்றாள்.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றாள். கேசவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படித்தது மலையாளத்தில். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதனால் இந்தக் கதை அச்சில் வந்ததும் தானே அவனுக்கு வாசித்துக் காட்டப் போவதாகச் சொன்னாள்.

"இந்த எடம் வரும்போது வாசிக்கவா, தாண்டிப் போகவான்னு அப்போ பாத்துக்கிடுதேன்."

* அம்மிணியை அப்படியே விட்டுவிட்டேன். அவள் கோபித்தது நடந்தது.

8

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அவள் வாசித்துவிடுகிறாள். கேசவ் முகத்தில் முதலில் தெரிவது நிம்மதி. தன்னால் மட்டும் இல்லை என்ற நிம்மதி. அதை அவள் பார்த்துவிடுகிறாள். இன்னொன்றில் அவள் தாண்டிவிடுகிறாள், அவன் தன் வருத்தத்தைத் தனியாகவே சுமந்துகொண்டு அவள் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறான். முதலாவதில் அவள் தனியாகிவிடுகிறாள். இரண்டாவதில் அவன். இரண்டையும் அடித்துவிட்டேன். மூன்றாவதாக ஒன்று உங்களுக்குத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவளுக்குத் தோதாக, ஆறாம் பகுதியைக் கதை அதோடு முடிந்துவிட்டது போல எழுதி வைத்திருக்கிறேன். புத்தகத்தை அங்கேயே மூடினால் அவனுக்குச் சந்தேகம் வராது.

கதை அச்சில் வந்த பிறகு ஒரு நாள். வெளியே பஜார் ரோட்டில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். அவள் ஆறாம் பகுதியை வாசித்து முடித்துவிட்டாள். பக்கத்தைத் திருப்பவில்லை, புத்தகத்தை மூடவும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்று கேசவ் கேட்கிறான்.