சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு

பூட்டுக்காரர் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தாழ்ப்பாள்கூட இல்லை, உள்பக்கம் ஒரு செங்கல்தான் முட்டு. அவர் போய்ச் சேர்ந்த மறு மாதம் அவருடைய மனைவியின் தம்பி வந்து துளை போட்டபோதுதான் அந்தக் கதவு முதன்முதலாகப் பூட்டு என்ற ஒன்றைக் கண்டது.

"இனிமே தனியா இருக்கேக்கா. சாத்தினாலே பூட்டிக்கும், நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றான் தம்பி. அவள் மரத்தூள் தரையில் உதிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் யார் சாவியைத் தொலைத்தாலும் அவருக்குத்தான் போன் வரும். வேலை முடிந்தால் வீடு திரும்பவேண்டும் என்கிற சட்டமெல்லாம் அவருக்குக் கிடையாது. வழியில் சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைந்தால் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை பாங்க் மேனேஜர் வீட்டு பீரோவைத் திறக்கப் போனவர், லாரிக்காரன் ஒருவனோடு பேச்சுக் கொடுத்து, அப்படியே ஏறிப்போய்க் கடலைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்தார். பையெல்லாம் மணல். அதுவரை மேனேஜர் ஒரே சட்டையோடு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார். அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அதான் திறந்து குடுத்துட்டேன்ல, விடேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் முன்னால் அவளுடைய எந்தக் கோபமும் நின்றதில்லை. அதுவே அவளுக்குப் பெரிய கோபம்.

பூட்டுப் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். "நாள் முழுக்கப் பூட்டோட மல்லுக்கட்டறேன், வீட்லயுமா?" என்பார். ஒருநாள் மட்டும் வேறு பதில் வந்தது. "நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. உன் தூக்கத்தைக் கெடுத்து எழுப்பணுமா?" அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. செங்கல் நகரும், சாவிக்கொத்து குலுங்கும். வந்துவிட்டார் என்று புரண்டு படுத்துக்கொள்வாள். அதைவிட நல்ல தூக்கம் அவளுக்கு வாய்த்ததில்லை.

தம்பி கிளம்பியபிறகுதான் அவன் தன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனது தெரிந்தது. எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவன் வண்டி முனை திரும்பிவிட்டது. பின்னால் காற்றில் கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. திரும்பி வந்து, இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு தள்ளு தள்ளினாள். திறக்கவில்லை. தோளால் முட்டினாள். அசையவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேஜைமேல் புதுச் சாவிகள். பக்கத்தில் அவருடைய போன். அவர் போனது தெரியாதவர்கள் இன்னும் கூப்பிடுகிறார்களே என்று தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். உண்மையில் அணைக்க மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எட்டிப் பார்த்தாள். "சாவி உள்ள மாட்டிக்கிச்சா? நல்லா இருக்கு போ, பூட்டுக்காரர் பொண்டாட்டி வெளிய நிக்கறா! இந்தா, யாரையாவது கூப்பிடு" என்று தன் போனை நீட்டினாள்.

இப்படி ஒரு சமயத்தில் ஊரே கூப்பிடும் எண் ஒன்றுதான். அவள் விரல்கள் யாரையும் கேட்காமல் அதை அழுத்திவிட்டன.

உள்ளே மணி அடித்தது.

"அடியே..." என்றாள் தையல்கார அக்கா. அவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. மேஜையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துபோய்ச் சாவிகளை முட்டியது. சாவிகள் குலுங்கின. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.